மேடு ஏறும் குதிகால்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில், 46 கிலோமீட்டர் தூரத்தில் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,200 மீட்டருக்கு ஏறுகிறது. கல்லாறைத் தாண்டினால் வெறும் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. இத்தனை ஏற்பாடும் எவ்வளவு சரிவுக்கு என்று பார்த்தால், மிகச் செங்குத்தான இடத்திலும் ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடிதான். கோணக் கணக்கில் ஐந்து டிகிரிகூட இல்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேல் குன்னூருக்கு ஏறும் குறுக்குச் சந்துகள் பல இதைவிடச் செங்குத்தானவை. அவற்றில் அதிகாலையில் ஓடுகிற அறுபது வயதுக்காரருக்குப் பல்சட்டம் கிடையாது. ஏற்றத்தின் பாரத்தில் பெரும்பங்கு அவருடைய கெண்டைச் சதைக்கும், அதைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் தசைநாணுக்கும் போய்ச் சேர்கிறது.

இப்படி ஓடுகிறவர்கள் மலையில் அபூர்வம் அல்ல. வெலிங்டனில் ராணுவப் பணி முடித்து அங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். எஸ்டேட் நிர்வாகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டக் காலணி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். சமவெளியிலும் இதே கதைதான். 2021இல் மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன், 2004இல் சாலை விபத்தில் முழங்காலில் அடிபட்டவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு ஓட ஆரம்பித்து நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். தாமதமாக ஓட வருவது இன்று யாருக்கும் விநோதமாகத் தெரிவதில்லை.

ஆனால் வயது ஏற ஏற, காயம் படும் இடமும் மாறுகிறது. இளம் ஓட்டக்காரர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் கெண்டைக்காலையும் குதிகாலின் பின்புறத்தையும் காட்டுவார்கள். பின்லாந்தில் தேசிய அளவில் ஓடி ஓய்ந்த நெடுந்தூர வீரர்களை விசாரித்து 2005இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது குதிகால் தசைநாணில் தொல்லை வந்திருக்கிறது என்றது.

பேச்சுவழக்கில் குதிகால் நரம்பு என்று சொல்லப்படும் அக்கிலிஸ் தசைநாண், உடலிலேயே தடித்ததும் வலுவானதும் ஆகும். மேலே காஸ்ட்ராக்னீமியஸ், அதற்கு அடியில் சோலியஸ் என்ற இரண்டு கெண்டைத் தசைகளும் கீழே ஒன்றாகி, லேசாக முறுக்கிக்கொண்டு குதிகால் எலும்பில் போய்ப் பதிகின்றன. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் ஆறிலிருந்து எட்டு மடங்கு இழுவிசை இதன்மீது விழுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 400 கிலோவைத் தாண்டவும் கூடும். ஐந்து கிலோமீட்டர் ஓடினால் ஒரு காலுக்கு ஏறத்தாழ 3,000 முறை இந்த இழுப்பு. தசைநாண் இதைச் சும்மா தாங்கிக்கொண்டிருப்பதும் இல்லை. நீண்டு, பிறகு சுருங்கி, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. மெக்நீல் அலெக்சாண்டரும் சக ஆய்வாளர்களும் 1987இல் போட்ட கணக்குப்படி, ஓட்டத்தின் ஒவ்வோர் அடியிலும் கைமாறும் சுமார் 100 ஜூல் ஆற்றலில் 35 ஜூலை இந்த ஒரு நாண் மட்டும் சேமித்துக் கொடுக்கிறது.

இந்த நாணின் வயது என்ன? கேள்வி விசித்திரமாகத் தோன்றும். விடை அணுகுண்டிலிருந்து வந்தது. 1955க்கும் 1963க்கும் இடையே வல்லரசுகள் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றிலிருந்த கார்பன்-14 ஏறக்குறைய இரட்டிப்பானது. 1963இல் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்த பிறகு அது ஆண்டுக்காண்டு குறையத் தொடங்கியது. காற்றிலிருந்த கார்பன் பயிருக்குப் போனது, பயிரிலிருந்து சாப்பிட்டவர் உடலுக்குப் போனது. எனவே ஒரு திசுவில் கார்பன்-14 எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், அந்தத் திசு எந்தக் காலத்தில் உருவானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க்கில் கட்யா ஹைனமையர், மைக்கேல் கியேர் ஆகியோரின் குழு அக்கிலிஸ் தசைநாணை இப்படி அளந்து 2013இல் முடிவை வெளியிட்டது. நாணின் மையப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை.

1962இல் கோத்தகிரியில் பிறந்த ஒருவரின் குதிகாலில் அந்தக் குண்டுகளின் கார்பன் இன்றைக்கும் இருக்கிறது என்று இதற்குப் பொருள். அவருடைய தோல் எத்தனையோ முறை உரிந்து வளர்ந்துவிட்டது. எலும்புகூடப் பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டிக்கொண்டே வந்திருக்கிறது. குதிகால் நாணின் மையம் மட்டும் பள்ளிக்கூடத்தில் ஓடிய அதே நாண்.

அதே குழு 2018இல் இன்னொன்றையும் கண்டது. வலியுள்ள தசைநாண்களில் இழைகள் மாறியிருந்தன. அந்த மாற்றம், நோயாளி முதன்முதலாக வலியை உணர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது. 'போன வாரம் தொட்டபெட்டா ஏறினதுலேர்ந்து வலிக்குது' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தொட்டபெட்டா அந்த வலியை வெளியே கொண்டுவந்திருக்கும், அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டால் முதலில் அடிபடுவது, நம் ஊரில் எல்லாருக்கும் எழுதித்தரப்படும் அந்த மருந்து: ஓய்வு. இரண்டு மாதம் உட்கார்ந்தால் வலி போகும், மறுப்பதற்கில்லை. அந்த இரண்டு மாதத்தில் கெண்டைச் சதை மெலியும், நாணோ புதிதாக முளைத்திருக்காது. பழைய ஏற்றத்தில் பழைய வேகத்தில் மறுபடி ஓடினால் மூன்றாம் வாரம் வலி திரும்பிவரும். 'ஓய்வெடுத்தேன், சரியாகவில்லை, எனக்கு வயதாகிவிட்டது' என்று ஓட்டத்தையே விட்டுவிடுகிறவர்களை இந்த மருந்துதான் உண்டாக்குகிறது என்பது என் எண்ணம்.

வயது அவ்வளவு பெரிய தடையும் அல்ல. நீல் ரீவ்ஸ், மார்கோ நரிச்சி ஆகியோரின் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது எழுபதைத் தாண்டிய சிலர் 14 வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். அளந்தது முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணை. அதன் விறைப்பு, அதாவது இழுவிசைக்கு எளிதில் நீண்டுவிடாமல் நிற்கும் தன்மை, 65 சதவீதம் கூடியது. பழைய நாணை மாற்ற முடியாது, வலுவாக்க முடியும்.

சரி, மலையில் என்ன விசேஷம்? மேடு ஏறும்போது பாதத்தின் முன்பகுதி உயர்ந்தும் குதிகால் தாழ்ந்தும் இருக்கும். கணுக்கால் நன்றாக மடங்கும், நாண் அதிகம் இழுபடும். சமதளத்தில் தரையிறங்கும் வேகத்தை வாங்கித் திருப்பித் தரும் வசதியும் ஏற்றத்தில் குறைந்துபோகிறது. உடலை மேலே தூக்கும் வேலையைத் தசையே முழுதாகச் செய்தாக வேண்டும். நாண் எலும்பில் பதியும் இடத்தில் நோய் இருந்தால் இன்னும் மோசம். கணுக்கால் மடங்கும் ஒவ்வொரு முறையும் நாண், குதிகால் எலும்பின் மேல்முனையில் அழுந்துகிறது. இறக்கத்தில் குதிகாலுக்குச் சற்று ஆறுதல், பாரம் தொடைக்கும் முழங்காலுக்கும் மாறிவிடுகிறது. ஆனால் இறங்கினால் ஏறித்தானே வீடு திரும்ப வேண்டும்!

குளிரும் கணக்கில் வருகிறது. இஸ்ரேல் காலாட்படையில் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கவனித்த ஆய்வு ஒன்று, குளிர்காலத்தில் பயிற்சி பெற்றவர்களுக்கு இந்த வலி கோடையில் பயிற்சி பெற்றவர்களைவிட அதிகம் வந்ததாக 2003இல் தெரிவித்தது. அவர்களோ இளைஞர்கள். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக்கிடக்கும்போது, எழுந்த பத்தாவது நிமிடத்தில் ஏற்றத்தில் ஓடுகிற அறுபது வயதுக்காரர் எதைச் சம்பாதிக்கிறார் என்று யோசிக்க வேண்டும். வெயில் வந்த பிறகு ஓடலாம். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் கால்மணி நேரமாவது நடந்துவிட்டு ஓடலாம்.

இனி பரிசோதனை. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற 63 வயதுக்காரர் ஒருவர் டாக்டரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'காலையில எந்திரிச்சதும் நாலு அடி வைக்க முடியல சார். அப்புறம் தானா சரியாயிடுது. ஓடும்போது மொதல்ல வலிக்கும், சூடானா மறைஞ்சிடும். மறுநாள் காலையில பாருங்க, ரெட்டிப்பா வந்துடும்.' இந்த நான்கு வாக்கியங்களில் பாதி நோயறிதல் முடிந்துவிட்டது. தசைநாண் வலி ஓடும்போது ஒளிந்துகொண்டு மறுநாள் கணக்குத் தீர்க்கும். அதனால்தான் ஓடுகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

மீதிப் பாதிக்கு விரல் போதும். எங்கே வலிக்கிறது என்று ஒரே விரலால் காட்டச் சொல்வார் டாக்டர். எலும்புக்கு மேலே இரண்டிலிருந்து ஆறு சென்டிமீட்டருக்குள் என்றால் நடுப்பகுதி நோய். அங்கே நாணைக் கிள்ளிப் பிடித்தால் தடிப்பும் வலியும் தெரியும். எலும்பிலேயே என்றால் பதியும் இடத்து நோய். இந்த இரண்டுக்கும் வைத்தியம் ஒரு முக்கியமான இடத்தில் வேறுபடுவதால் இதை விட்டுவிடக் கூடாது. பிறகு, 'செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நில்லுங்க. குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க, முடியிற வரைக்கும்.' நல்ல காலில் எத்தனை, வலிக்கும் காலில் எத்தனை என்ற வித்தியாசம்தான் சிகிச்சையின் தொடக்கப் புள்ளி. நல்ல காலிலேயே பத்தைத் தாண்ட முடியாத ஓட்டக்காரர்களும் உண்டு. தாங்கள் ஓடுவதே பெரிய உடற்பயிற்சி, வேறு எதற்கு என்று நினைத்தவர்கள் அவர்கள்.

ஸ்கேன் எடுக்கலாமா? பெரும்பாலும் தேவைப்படாது. அல்ட்ராசவுண்டில் நாண் தடித்தோ கறுத்தோ தெரிந்தாலும் வலியே இல்லாதவர்கள் நிறையப் பேர். வலி போன பிறகும் படம் மாறாமலே இருக்கலாம். சிகிச்சை பெறுவது கால், படம் அல்ல.

வயதானவரிடம் வேறு சிலவற்றையும் விலக்கியாக வேண்டும். வலி உள்ளங்கால் பக்கம் இருந்தால் அது பாதத்தின் அடித்திசு. குதிகால் எலும்பை இரு பக்கமும் அழுத்தும்போது வலி உயிர் போனால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். வலி குறைவாக இருந்தும் குதிகாலைத் தூக்கவே முடியாவிட்டால் முதுகெலும்பில் நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்து, இடுப்பும் பிடித்துக்கொண்டால் மூட்டுவாத வகை ஒன்றை நினைக்க வேண்டும். இரு கால் நாண்களும் வலியில்லாமலே தடித்திருந்தால் கொழுப்பைப் பரிசோதிக்க வேண்டும். பரம்பரையாக மிகுந்த கொலஸ்ட்ரால் இங்கே படிவதுண்டு. நீண்டநாள் சர்க்கரை நோயில் மிகுந்த சர்க்கரை நாணின் கொலாஜன் இழைகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைப்பாகவும் ஆறாமலும் ஆக்குவதால், ரத்தச் சர்க்கரை அளவைக் கேட்காத குதிகால் வைத்தியம் அரைகுறை.

பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல 'டப்' என்ற உணர்வு, திரும்பிப் பார்த்தால் யாருமில்லை, அதன்பின் விரல் நுனியில் எழும்ப முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கிறது. குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச் சதையைப் பிசைந்தால் பாதம் அசைய வேண்டும். அசையாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சில நாட்கள் பார்ப்போம் என்று எண்ணெய் தடவுவது இங்கே பெரிய நஷ்டம்.

இன்னொரு கேள்வியை டாக்டர் கேட்க மறந்தாலும் நோயாளியே சொல்ல வேண்டும்: அண்மையில் என்ன ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்கள்? சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் ஆகியவை ஒரே குடும்பத்து மாத்திரைகள். சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நம் மருந்துக்கடைகளில் சர்வ சாதாரணமாகப் புழங்குபவை. இவை அக்கிலிஸ் தசைநாணைப் பலவீனமாக்கி அறுக்கவும் செய்யும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் மிகக் கடுமையான வகை எச்சரிக்கையைப் போடவைத்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கும், கூடவே ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மாத்திரையை முடித்துச் சில மாதம் கழித்தும் இது நேரலாம்.

சிகிச்சையின் கதை சுவீடனில் ஒரு பிடிவாதத்திலிருந்து பிறந்தது. உமேயோ நகரத்து எலும்பு மருத்துவர் ஹோகன் அல்ஃப்ரெட்சன் ஓட்டக்காரர். அவருக்கே இந்த வலி. அறுவைச் சிகிச்சை செய்துவிடுங்கள் என்று கேட்டபோது மேலதிகாரி மறுத்துவிட்டார். நாண் அறுந்தால் செய்துதானே ஆக வேண்டும் என்று அல்ஃப்ரெட்சன் வலிக்க வலிக்கக் கனமான எடையோடு குதிகாலை இறக்கிப் பயிற்சி செய்தாராம். அறுவதற்குப் பதில் வலி போய்விட்டது. 1998இல் 15 பேரிடம் இதையே செய்துபார்த்து வெளியிட்டார். 12 வாரத்தில் அனைவரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள்.

முறை எளிது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரு காலாலும் எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி மூன்று சுற்று, காலையும் மாலையும். ஒரு நாளைக்கு 180 முறை. முழங்காலை மடக்குவது சோலியஸுக்காக. ஓட்டத்தில் பெரும்பாரத்தை இழுப்பது அந்தத் தசைதான். லேசான வலியோடு செய்யலாம். வலியே இல்லாமல் போனால் முதுகுப் பையில் எடை கூட்ட வேண்டும்; ஐந்து கிலோ அரிசிப் பை போதும், ஜிம் வேண்டாம். நாண் எலும்பில் பதியும் இடத்தில் நோயுள்ளவர்கள் மட்டும் படியில் செய்யக் கூடாது. சமதரையில் நின்று, குதிகால் தரை மட்டத்துக்குக் கீழே போகாமல் செய்ய வேண்டும். நான் முன்னே சொன்ன வேறுபாடு இதுதான். நடுப்பகுதி நோய்க்குச் சொன்னதை இணையத்தில் பார்த்துச் செய்து வலியைப் பெருக்கிக்கொள்வது இவர்கள்தாம்.

தினமும் 180 என்பது பலருக்கு மலைப்பு. 2015இல் டென்மார்க்கில் ரிக்கே பேயர் குழு, வாரம் மூன்று நாள் மட்டும், அதிக எடையோடு, ஏற மூன்று நொடி இறங்க மூன்று நொடி என்று மெதுவாகச் செய்வதை அல்ஃப்ரெட்சன் முறையோடு ஒப்பிட்டது. பலன் சமம். நேரம் மட்டும் வாரத்துக்கு 300 நிமிடத்திலிருந்து ஏறத்தாழ 100 நிமிடமாகக் குறைந்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். இடையில் வரும் ஓய்வு நாள் வயதான உடலுக்கு வேண்டியிருக்கிறது.

எல்லாருக்கும் முழுக் குணம் என்று சொல்ல முடியாது. அல்ஃப்ரெட்சன் முறையைச் செய்தவர்களை ஐந்தாண்டு கழித்துப் பார்த்த டச்சு ஆய்வில் வலி அறவே இல்லாதவர்கள் பாதிக்கும் குறைவு. ஆனாலும் பெரும்பாலோர் முன்பைவிட வெகுவாகத் தேறியிருந்தார்கள். குதிகாலுக்கு அடியில் வைக்கும் சிறு உயர்த்தி தொடக்க வாரங்களில் நல்ல துணை. அதிர்வலைச் சிகிச்சை பயிற்சியோடு சேர்ந்தால் சிலருக்கு உதவுகிறது. கோயம்புத்தூர் வரை இறங்கிப் போய்ப் போட்டுக்கொள்ளும், சொந்த ரத்தத்திலிருந்தே தயாரிக்கும் பி.ஆர்.பி. ஊசியைப் பற்றி மட்டும் தயக்கமில்லாமல் சொல்லலாம்: 2010இல் நெதர்லாந்திலும் 2021இல் பிரிட்டனிலும் போலி ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், வித்தியாசமே இல்லை. நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி வேண்டவே வேண்டாம். சில வாரம் வலியைத் தணித்து, அறுந்துபோகும் அபாயத்தை விட்டுச்செல்லும்.

ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா? கரின் சில்பர்நாகல் 2007இல் சுவீடனில் காட்டியபடி, அளவோடு ஓடிக்கொண்டே பயிற்சி செய்தவர்களும், முதல் ஆறு வாரம் ஓடாமல் செய்தவர்களும் ஓராண்டில் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் கூடக் கூடாது என்பதே அவர் வைத்த விதி. மலைக்காரர்கள் இதோடு சரிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் வாரங்களில் ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தைப் போன்ற சமதளத்தில் ஓடுங்கள். ஏற்றம் வந்தால் நடங்கள், அதில் மானக்கேடு எதுவுமில்லை. ஒரு வாரத்தில் தூரத்தையும் ஏற்றத்தையும் சேர்த்துக் கூட்டாதீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஆய்வுகள் எல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய ஓட்டக்காரர்களைப் பற்றியவை. கொழுந்து மூட்டையோடு நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கும் தோட்டத் தொழிலாளிப் பெண்ணின் குதிகாலைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஓய்வெடு என்றால் அவருக்குக் கூலி போகும். லயன் வீட்டு வாசற்படியில் செய்யக்கூடிய இந்தப் பயிற்சி ஓட்டக்காரரைவிட அவருக்குத்தான் அதிகம் தேவை. மேஸ்திரி சில வாரம் மேட்டு வயலுக்குப் பதில் சமமான வயலில் வேலை கொடுத்தால் இன்னும் நல்லது.

வலி தணிந்ததும் கயிறு தாண்டுதல், சிறு குதிப்பு என்று பழகிய பிறகே வேகத்துக்கும் ஏற்றத்துக்கும் போக வேண்டும். 12 வாரம் என்பது குறைந்தபட்சம். அறுபதுக்கு மேல் ஆறு மாதமும் ஆகலாம். அதற்குப் பிறகும் படிக்கட்டுப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். ஓடுகிற காலம் வரைக்கும் வாரம் இரண்டு நாள் அது தொடரட்டும்.